எச்சரிக்கை எழுந்தால் இயந்திரம் நின்றுவிட வேண்டுமா?

பத்தாம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவி

கணிப்பொறி இல்லாத இடம் இன்று எது? மின்கட்டணம் செலுத்தும் இடம், ரயில் முன்பதிவு நிலையம், மருத்துவமனை, வங்கி, நம் அம்மாவின் கைப்பை என எல்லா இடத்திலும் அது வந்து அமர்ந்துவிட்டது. கைப்பேசியும் ஒரு கணிப்பொறிதானே! இத்தனை கணிப்பொறிகளும் மனிதர் எழுதிய நிரல்களால் இயங்குபவை. ஆகவே அவற்றில் பிழை இருக்கத்தான் செய்யும். அந்தப் பிழையைக் கணிப்பொறி தானே கண்டுகொண்டால் என்ன செய்ய வேண்டும்? "ஏதோ தவறு நடந்திருக்கிறது" என்று சொல்லிவிட்டு வேலையைத் தொடர வேண்டுமா? அல்லது அந்த இடத்திலேயே நின்றுவிட வேண்டுமா?

இது சிறுபிள்ளைக் கேள்வி போலத் தோன்றும். ஆனால் இதில் உலகத்துக் கணிப்பொறி நிபுணர்களே இரண்டு கட்சியாகப் பிரிந்து நிற்கிறார்கள். நான் எந்தக் கட்சி என்பதை முதலிலேயே கூறிவிடுகிறேன். சொல்லிவிட்டுத் தொடர வேண்டும் என்பதே என் கட்சி. நிறுத்துவதா வேண்டாமா என்று முடிவு செய்யும் உரிமை அந்த இயந்திரத்தை நம்பியிருப்பவருக்கே உரியது. எங்கோ ஓர் அறையில் உட்கார்ந்து நிரல் எழுதியவருக்கு உரியதன்று.

கணிப்பொறியின் இயக்க முறைமைக்கு நடுவில் 'கெர்னல்' என்று ஒரு பகுதி உண்டு. ஆங்கிலத்தில் அந்தச் சொல்லுக்குக் கொட்டைக்குள் இருக்கும் பருப்பு என்று பொருள். முந்திரிக் கொட்டையில் மதிப்புள்ளது எதுவோ அதுவே கெர்னல்! கணிப்பொறியிலும் அப்படித்தான். நம் விடுதியை நினைத்துப் பாருங்கள். எந்த மாணவிக்கு எந்தக் கட்டில், குளியலறை யாருக்கு எத்தனை மணிக்கு, நூலகச் சாவி யார் கையில் என்பவற்றையெல்லாம் விடுதிக் காப்பாளராகிய சகோதரி ஒருவரே பார்த்துக்கொள்கிறார். கணிப்பொறிக்குள் ஓடும் ஒவ்வொரு நிரலுக்கும் நினைவகத்தில் இடம் ஒதுக்குவதும், நேரம் பங்கிடுவதும், பொதுப் பொருள்களின் சாவியைக் கொடுத்து வாங்குவதும் கெர்னலின் வேலை. ஒரு மாணவி நோயுற்றால் விடுதி நடக்கும். காப்பாளரே மயங்கி விழுந்தால்?

உலகில் மிகப் பரவலாக ஓடும் கெர்னல்களில் ஒன்று லினக்ஸ். 1991-ஆம் ஆண்டு பின்லாந்து நாட்டின் ஹெல்சிங்கி பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டிருந்த லினஸ் டார்வால்ட்ஸ் என்னும் 21 வயது மாணவர் அதனைத் தொடங்கினார். ஆண்ட்ராய்டு கைப்பேசி ஒவ்வொன்றின் உள்ளேயும் இருப்பது இந்தக் கெர்னலே. சென்னையில் சி-டாக் நிறுவனம் உருவாக்கிய 'பாஸ்' என்னும் இயக்க முறைமைக்கும் அடிப்படை இதுவே. இதன் நிரல் முழுவதையும் யார் வேண்டுமானாலும் படிக்கலாம். அதை எழுதுவோர் தமக்குள் போடும் சண்டைகளையும் படிக்கலாம். ஆகையால்தான் என்னைப் போன்ற ஒரு பள்ளி மாணவியும் இதைப் பற்றி எழுதத் துணிந்தேன்.

நிரல் எழுதுவோர் இடையிடையே சில சோதனைகளை வைப்பார்கள். "இந்த இடத்துக்கு வரும்போது இது இப்படித்தான் இருக்க வேண்டும், வேறுவிதமாக இருக்கவே முடியாது" என்பது அவற்றின் கருத்து. இருக்கவே முடியாதது ஒருநாள் இருந்துவிட்டால் கெர்னல் மூன்றில் ஒன்றைச் செய்யலாம். மீண்டும் விடுதிக்கே வருவோம். இரவு வருகைப் பதிவின்போது 60 மாணவியர் இருக்க வேண்டிய இடத்தில் 61 தலைகள் தெரிகின்றன என்று வைத்துக்கொள்ளுங்கள். சகோதரி குறிப்பேட்டில் நேரமும் விவரமும் எழுதி, உரியவரிடம் சொல்லிவிட்டு விளக்கணைக்கும் வேலையைத் தொடரலாம். லினக்ஸில் இதற்கு 'வார்ன்' என்று பெயர். அல்லது, கணக்கு இடித்த அந்த நொடியில் யாருடைய பெயரை அழைத்துக்கொண்டிருந்தாரோ அந்த மாணவியை வெளியே அனுப்பிவிடலாம். அவள் மீது குற்றமே இல்லாமல் இருக்கலாம். ஆயினும் அவள் போக வேண்டியதுதான். இதற்குப் 'பக்' என்று பெயர். மூன்றாவது, நள்ளிரவில் எல்லோரையும் எழுப்பித் தெருவில் நிறுத்தி, விடுதியையே பூட்டிவிடுவது. இதுதான் 'பேனிக்'. கணிப்பொறி முழுவதும் அப்படியே நின்றுவிடும்.

நடுவில் உள்ள 'பக்' என்பது பார்ப்பதற்கு மிதமான வழி போலத் தெரிகிறது அல்லவா? உண்மையில் அதுவும் ஆபத்தானதே. வெளியே அனுப்பப்பட்டவளின் கையில் நூலகச் சாவி இருந்தால் என்ன ஆகும்? நூலகத்துக்குப் போக வேண்டியவர்கள் ஒருவர் பின் ஒருவராக வாசலில் வந்து காத்து நிற்பார்கள். கடைசியில் விடுதி முழுவதும் அந்த வாசலில்தான் நிற்கும். கணிப்பொறியும் இவ்வாறு சிறிது சிறிதாக உறைந்துபோவதுண்டு.

நின்றுவிடுவதே நல்லது என்னும் எண்ணத்துக்கு நீண்ட வரலாறு இருக்கிறது. 1960-களில் 'மல்டிக்ஸ்' என்னும் பெரிய இயக்க முறைமை ஒன்றை அமெரிக்காவில் உருவாக்கி வந்தார்கள். அதில் ஈடுபட்டிருந்த டாம் வான் விளெக் என்பவர், தாம் எழுதும் நிரலில் ஏறத்தாழப் பாதி பிழையிலிருந்து மீள்வதற்காகவே எழுதப்படுகிறது என்பதைக் கண்டார். அதனை யூனிக்ஸைப் படைத்தவர்களில் ஒருவராகிய டென்னிஸ் ரிட்சியிடம் கூறினார். ரிட்சியோ, தாங்கள் அவற்றையெல்லாம் விட்டுவிட்டதாகவும், பிழை நேர்ந்தால் 'பேனிக்' என்று ஒன்றை அழைப்பதாகவும், இயந்திரம் விழுந்ததும் நடைக்கு அந்தப் பக்கம் இருப்பவரைக் கூவி அழைத்து மறுபடி ஓட்டச் சொல்வதாகவும் பதில் கூறினாராம். ஓர் இயந்திரம், ஒரு நடை, நாலைந்து நண்பர்கள் என்றிருந்த காலத்துக்கு இது அருமையான ஏற்பாடுதான். இன்று அந்த இயந்திரம் ஒரு பாட்டியின் கைப்பேசிக்குள் இருக்கிறது. நடைக்கு அந்தப் பக்கம் யாரும் இல்லை.

டார்வால்ட்ஸ் இதில் மிகக் கண்டிப்பானவர். 2016 அக்டோபரில் லினக்ஸின் 4.8 பதிப்பு வெளிவந்தது. கடைசி நேரத்தில் அதில் சேர்க்கப்பட்ட மாற்றம் ஒன்றில் 'பக்' வகைச் சோதனை இருந்து தொல்லை கொடுத்தது. அந்த மாற்றத்தை ஏற்றுக்கொண்டதற்காக அவர் எல்லோருக்கும் தெரியும்படி வருத்தம் தெரிவித்தார். எழுதியவரையும் சும்மா விடவில்லை. பிழை தேடுவதற்காக வைத்த சோதனை, பயன்படுத்துவோரின் இயந்திரத்தைக் கொல்லலாகாது என்பது அவருடைய வாதம்.

அவர் கூறும் காரணத்தைக் கேட்டால் வியப்பாக இருக்கும். இயந்திரத்தின் மீதுள்ள இரக்கம் மட்டும் அன்று; பிழையைக் கண்டுபிடிப்பதற்கே அது தடை என்கிறார்! இயந்திரம் நின்றுவிட்டால் எச்சரிக்கைச் செய்தி வட்டில் எழுதப்படாமலே போய்விடலாம். திரையில் படம் ஓடிக்கொண்டிருந்தால் செய்தி கண்ணுக்கும் தெரியாது. வீட்டில் இருப்பவர் என்ன செய்வார்? "சனியன், மறுபடி நின்றுவிட்டது" என்று சொல்லிப் பொத்தானை அழுத்தி மறுபடி ஓட்டுவார். எங்கே, எதனால் என்ற சுவடு அதோடு அழிந்தது. இயந்திரம் தொடர்ந்து ஓடியிருந்தால் செய்தி பதிவேட்டில் ஏறியிருக்கும். யாரேனும் அதை எடுத்துத் திருத்துவோருக்கு அனுப்பியிருப்பார்கள்.

எதிர்க்கட்சியின் வாதத்தையும் கேட்க வேண்டும் அல்லவா? என் சித்தப்பா ஒரு வங்கியின் கணிப்பொறிக் கூடத்தில் வேலை பார்க்கிறார். அவர் 'நிறுத்து' கட்சி. விடுமுறையில் அவர் வீட்டுக்குப் போயிருந்தபோது இதைப் பற்றிப் பேச்சு வந்தது.

"ஏம்மா, கணக்கு தப்புன்னு தெரிஞ்ச பிறகும் கல்லாவைத் திறந்து வச்சுக்கிட்டு வியாபாரம் பண்ணுவாங்களா? தப்பா ஓடுற ஒவ்வொரு நிமிஷமும் அடுத்தவங்க பணத்துல கை வைக்கிற மாதிரி. நின்னுட்டா இன்னொரு மிஷின் எடுத்துக்கும். எதுக்கு ரெண்டு வச்சிருக்கோம்?" என்றார்.

அவர் சொல்வதில் நியாயம் இல்லாமல் இல்லை. அதோடு இன்னொன்றும் உண்டு. எச்சரிக்கை எப்போதும் தற்செயலான பிழையால்தான் எழும் என்பதில்லை. திருடன் பூட்டை நெம்பும்போதும் அதே ஓசைதான் கேட்கும். "ஓசை கேட்டது" என்று குறிப்பேட்டில் எழுதிவிட்டுத் தூங்கப் போகிறவரை யாரும் காவலாளி என்று சொல்ல மாட்டார்கள். சித்தப்பாவைப் போன்றவர்களுக்காகவே லினக்ஸில் 'பேனிக்-ஆன்-வார்ன்' என்று ஓர் அமைப்பு இருக்கிறது. 2015-இல் வெளிவந்த 3.19 பதிப்பிலிருந்து அது உண்டு. அதன் மதிப்பைப் பூஜ்யத்திலிருந்து 1 ஆக மாற்றிவிட்டால், எச்சரிக்கை எது எழுந்தாலும் இயந்திரம் நின்றுவிடும். பெரிய கூடங்களில், நிற்கும் அந்தக் கணத்தில் நினைவகத்தில் இருந்ததை இரண்டாவது கெர்னல் ஒன்று விழித்தெழுந்து படியெடுத்து வைத்துக்கொள்ளும். பிறகு ஆற அமர ஆராயலாம். எல்லாம் சரியே. ஆனால் கவனியுங்கள்: யாரும் தொடாமல் விட்டால் அதன் மதிப்பு பூஜ்யம். மாற்றுபவர் என் சித்தப்பா. தம்மிடம் இரண்டாவது இயந்திரம் உண்டு என்று அறிந்தவர் அவர், ஆகவே மாற்றுகிறார். இதற்கு நான் எதிரி அல்லள். கெர்னலை எழுதுபவர் எல்லோருக்குமாகச் சேர்த்து முடிவு செய்துவிடுவதையே எதிர்க்கிறேன்.

மேலும், "இன்னொரு இயந்திரம் இருக்கிறது" என்ற நம்பிக்கையும் எப்போதும் செல்லுபடியாகாது. இதற்கு ஒரு சான்றைக் கெர்னல் உலகத்துக்குச் சற்று வெளியிலிருந்து தருகிறேன். கேள்வி அதே கேள்விதான்.

1996 ஜூன் 4-ஆம் நாள் தென் அமெரிக்காவிலுள்ள கூரு ஏவுதளத்திலிருந்து ஐரோப்பாவின் ஏரியான் 5 ராக்கெட் முதன்முதலாகக் கிளம்பியது. பூமியின் காந்த மண்டலத்தை ஆராயும் நான்கு செயற்கைக்கோள்கள் அதில் இருந்தன. ராக்கெட் எந்தத் திசையில், எந்தச் சாய்வில் செல்கிறது என்று அளந்து சொல்வதற்கு ஒரு கணிப்பொறி உண்டு. பழுதானால் உதவுவதற்கு இன்னொன்றும் உண்டு. முன்னர் ஏரியான் 4-இல் ஓடிய நிரலின் ஒரு பகுதியை அப்படியே இதிலும் வைத்திருந்தார்கள். அதில் பக்கவாட்டு வேகத்தோடு தொடர்புடைய ஓர் எண்ணைச் சிறிய பெட்டி ஒன்றுக்குள் மாற்றி எழுத வேண்டும். 32,767-க்கு மேற்பட்ட எண் அந்தப் பெட்டியில் அடங்காது. ஏரியான் 4-இல் எண் அவ்வளவு வளர்ந்ததில்லை. ஏரியான் 5 வேகமானது; எண் வளர்ந்துவிட்டது; அடங்கவில்லை. கணிப்பொறி தன் பிழையைத் தானே கண்டுகொண்டது. கண்டதும் என்ன செய்தது? அதற்கு இட்டிருந்த கட்டளைப்படி, பிழையைக் குறித்துவிட்டுத் தன்னை நிறுத்திக்கொண்டது! உதவிக் கணிப்பொறி இருக்கிறதே என்றால், அது 72 மில்லி விநாடிக்கு முன்பே அதே காரணத்தால் நின்றுபோயிருந்தது. இரண்டிலும் ஓடியது ஒரே நிரல் அல்லவா? நிற்கும்போது அனுப்பிய பிழைக் குறிப்பை ராக்கெட்டின் முதன்மைக் கணிப்பொறி பறக்கும் திசை என்று எண்ணிக்கொண்டது. இல்லாத சாய்வைத் திருத்தப் போய், ராக்கெட் உண்மையிலேயே சாய்ந்து உடைந்தது. கிளம்பி 40 விநாடிக்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

இதில் நெஞ்சைச் சுடுவது எது தெரியுமா? அந்தக் கணக்கு ராக்கெட் தரையை விட்டுக் கிளம்பிய பிறகு எதற்குமே தேவையில்லாத கணக்கு. தேவையற்ற ஒரு வேலையில் நேர்ந்த பிழைக்காகத் தேவையான வேலை அனைத்தையும் நிறுத்தினார்கள். லயன்ஸ் என்பவர் தலைமையில் ஆராய்ந்த குழுவும், செயலியை நிறுத்திவிடும் அந்த முடிவே இறுதியில் அழிவுக்குக் காரணமாயிற்று என்று எழுதியது. பழுது என்றால் கருவியின் பழுதாகவே இருக்கும், அப்போது மற்றொன்று காப்பாற்றும் என்று எண்ணி அவ்வாறு வைத்திருந்தார்கள். இதைச் சித்தப்பாவிடம் கூறினேன். "எங்க ரெண்டு மிஷின்லயும் ஒரே புரோகிராம்தான்" என்று ஒப்புக்கொண்டார். கட்சி மட்டும் மாறவில்லை.

நிற்காமல் தொடர்ந்த கதையும் உண்டு. அதைத் தோழியர் அனைவரும் அறிவீர்கள். உள்ளே நடந்ததைத்தான் அறிந்திருக்க மாட்டீர்கள். 1969 ஜூலை 20. ஆம்ஸ்ட்ராங்கும் ஆல்ட்ரினும் நிலவில் இறங்கிக்கொண்டிருக்கிறார்கள். திடீரென்று '1202' என்னும் எச்சரிக்கை எண் கணிப்பொறியில் தோன்றுகிறது. செய்ய வேண்டிய வேலைகளை வைப்பதற்கு இடமில்லை என்பது அதன் பொருள். அந்தக் கணிப்பொறியில் எழுதி அழிக்கக்கூடிய நினைவகம் 2,048 சொற்கள் மட்டுமே. இன்று நாம் கையில் வைத்து விளையாடும் எந்தக் கருவியோடும் அதை ஒப்பிட முடியாது. அப்போதைக்குத் தேவையில்லாத ரேடார் ஒன்று அதன் நேரத்தைத் தின்றுகொண்டிருந்தது.

அந்தக் கணிப்பொறி 'பேனிக்' ஆகியிருந்தால்? அதன் நிரலை எழுதியவர்கள் மசாசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தினர். மார்கரெட் ஹாமில்டன் அம்மையாரின் தலைமையில் இருந்த குழுவினர் எழுதியது என்பதைப் பெண்கள் பள்ளி மலரில் சொல்லாமல் விடலாமா? வேலை மிஞ்சினால் கணிப்பொறி என்ன செய்யும் என்பதற்கு அவர்கள் முன்னமே வழி வைத்திருந்தார்கள். எச்சரிக்கையைக் காட்டும், எல்லா வேலைகளையும் ஒரு நொடி கீழே வைக்கும், கலத்தை வழிநடத்துவது போன்ற முக்கிய வேலைகளை மட்டும் விட்ட இடத்திலிருந்து மறுபடி எடுத்துக்கொள்ளும், மற்றவற்றை விட்டுவிடும். இறங்குவதற்குள் 1202 நான்கு முறையும், 1201 என்னும் அதன் உடன்பிறப்பு ஒரு முறையும் வந்தன. ஒவ்வொரு முறையும் கணிப்பொறி எச்சரித்தது, சுமையைக் குறைத்தது, ஓடியது.

ஆனால் இங்கே பூமியில் இருந்தவர்களின் பங்கும் சிறிதன்று. பயணத்துக்குச் சில நாட்களுக்கு முன் நடந்த ஒத்திகையில் இத்தகைய எச்சரிக்கை ஒன்றைக் கொடுத்துப் பார்த்தார்கள். வழிகாட்டும் பொறுப்பில் இருந்த ஸ்டீவ் பேல்ஸ் பயணத்தைக் கைவிடச் சொல்லிவிட்டார். அது தேவையற்ற முடிவு என்று ஒத்திகைக்குப் பின் தெரிந்தது. உடனே, எந்த எச்சரிக்கை வந்தால் தொடரலாம், எது வந்தால் திரும்ப வேண்டும் என்று எல்லாவற்றுக்கும் பட்டியல் எழுதும்படி உத்தரவாயிற்று. ஜாக் கார்மன் என்னும் 24 வயது இளைஞர் அதைக் கையால் எழுதித் தம் மேசையில் வைத்துக்கொண்டார். 1202 வந்தபோது பட்டியலைப் பார்த்து அவர் சொல்ல, 26 வயது பேல்ஸ் "தொடரலாம்" என்று கூறினார். எச்சரிக்கை என்றால் இப்படி இருக்க வேண்டும்! எழுப்புவதற்கு ஒன்று, தாங்குவதற்கு ஓர் ஏற்பாடு, படித்துப் பொருள் சொல்ல ஓர் ஆள்.

நம் ஆண்டு விழா நாடகத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஒத்திகையில் வசனம் ஒன்று தவறினாலும் சகோதரி கைதட்டி நிறுத்திவிடுவார். மறுபடி முதலிலிருந்து! அதுவே முறை. விழா மேடையில் அதே தவறு நேர்ந்தால் திரையை இறக்கிவிடுவாரா? பக்கத் திரையின் மறைவிலிருந்து அடுத்த வசனத்தை எடுத்துக் கொடுப்பார். மறுநாள் கூப்பிட்டுக் கேட்பார். கெர்னலுக்கும் ஒத்திகை உண்டு. கூகுள் நிறுவனத்தினர் கெர்னலிடம் தாறுமாறான கட்டளைகளை இரவு பகலாகக் கொடுத்துப் பிழை தேடும் இயந்திரங்களை வைத்திருக்கிறார்கள். அங்கே 'பேனிக்-ஆன்-வார்ன்' போட்டே ஓட்டுகிறார்கள். அங்கே நிற்பதால் யாருக்கும் நட்டமில்லை. மேடையில் நிற்பது வேறு.

திருடன் வந்தால் என்ன செய்வது என்ற கேள்விக்கு நான் இன்னும் பதில் சொல்லவில்லை. நிற்பதா தொடர்வதா என்ற இரண்டு மட்டுமே வழிகள் என்று நினைப்பதில்தான் சிக்கல் இருக்கிறது. அபாயமான பகுதியை மட்டும் பூட்டிவிட்டுத் தொடரலாமே! கெர்னல் ஒரு பொருளை எத்தனை பேர் பயன்படுத்துகிறார்கள் என்று எண்ணிக்கொண்டே இருக்கும். எண்ணிக்கை பூஜ்யமானால் அதைக் கழித்துவிடும். நூலகத்தில் யாருமே படிக்காத புத்தகத்தைக் கழிப்பது போல என்று வைத்துக்கொள்ளுங்கள். கணக்குக் கெட்டு, ஒருத்தி இன்னும் படித்துக்கொண்டிருக்கும் புத்தகத்தைக் கழித்து அதே இடத்தில் வேறொன்றை வைத்துவிட்டால் பெரிய விபரீதம். திருடர்களும் அந்த விபரீதத்தையே தேடி வருவார்கள். 2017 முதல் லினக்ஸில் இதற்கு ஒரு வழி இருக்கிறது. எண்ணிக்கை எல்லை மீறினால் எச்சரித்துவிட்டு, அந்தப் பொருளை இனி ஒருபோதும் கழிப்பதில்லை என்று பூட்டி வைத்துவிடும். ஓர் அலமாரி இடம் வீணாகும். அவ்வளவே. நூலகம் திறந்திருக்கும், திருடனுக்கும் ஒன்றும் கிடைக்காது. கோப்புகளை வைத்திருக்கும் வட்டில் குழப்பம் தெரிந்தாலும் இவ்வாறே செய்யச் சொல்லலாம். இனிப் படிக்க மட்டும் அனுமதி, எழுத அனுமதி இல்லை என்று ஆக்கிவிடலாம். தொடரவும் சொல்லலாம், நிற்கவும் சொல்லலாம். மூன்றில் எது என்று எழுதி வைப்பவர் இயந்திரத்தின் பொறுப்பாளர்.

நின்றே தீர வேண்டிய நேரமும் உண்டு என்பதை மறுக்கவில்லை. எங்கே எழுதுகிறோம் என்றே தெரியாத நிலையில் எழுதிக்கொண்டே போவது மற்றவர் உழைப்பை அழிப்பதாகும். ஆயினும் நிற்பதோடு கதை முடிவதில்லை என்பதை 2024 ஜூலை 19 காட்டியது. கிரவுட்ஸ்ட்ரைக் என்னும் பாதுகாப்பு நிறுவனம் அனுப்பிய ஒரு கோப்பில் குறை இருந்தது. அதன் நிரல் விண்டோஸ் கெர்னலுக்குள் ஓடுவது, தனக்கு உரியதல்லாத நினைவகத்தைத் தொட்டது, விண்டோஸ் நின்றது. மறுபடி ஓட்டினால் அதே கோப்பு; மறுபடி நின்றது. ஏறத்தாழ 85 லட்சம் கணிப்பொறிகள் என்று மைக்ரோசாப்ட் மதிப்பிட்டது. நம் நாட்டு விமான நிலையங்களில்கூடப் பயணச் சீட்டைக் கையால் எழுதிக் கொடுத்தார்கள். குறையுள்ள கோப்பை அந்த நிறுவனம் ஒன்றரை மணி நேரத்துக்குள் திரும்பப் பெற்றுக்கொண்டது. பயன் என்ன? நின்றுபோன இயந்திரம் ஒவ்வொன்றின் முன்னும் ஒரு மனிதர் போய் அமர வேண்டியிருந்தது. அங்கே நின்றது தவறு என்று நான் கூறவில்லை. எழுந்த பிறகு, விழ வைத்த கோப்பை ஒதுக்கிவிட்டு ஓடத் தெரியாததையே குறை என்கிறேன்.

எச்சரிக்கை எழுதுவோருக்கும் ஒரு வார்த்தை. எதற்கெடுத்தாலும் எழுந்து நின்று "சிஸ்டர், சிஸ்டர்" என்று முறையிடும் மாணவியின் முறையீட்டை யார் காதில் வாங்குகிறார்கள்? லினக்ஸ் எழுதுவோருக்கான நெறிமுறையில் 2022-ஆம் ஆண்டு இதைப் பற்றி ஒரு பகுதி சேர்த்திருக்கிறார்கள். கெர்னலை வீழ்த்தாதீர்கள், வீழ்த்துவதற்குப் பதில் எச்சரியுங்கள், ஒரே எச்சரிக்கையை ஒரு முறைக்கு மேல் கத்தாதீர்கள், சாதாரணமாக நிகழக்கூடியதற்கெல்லாம் எச்சரிக்காதீர்கள் என்று அது கூறுகிறது. கடைசியாகக் கூறியது மிக முக்கியம். வெளியிலிருந்து யார் வேண்டுமானாலும் எழுப்பக்கூடிய எச்சரிக்கை, சித்தப்பாவின் கூடத்தில் யார் வேண்டுமானாலும் இழுக்கக்கூடிய அபாயச் சங்கிலி ஆகிவிடும். வங்கியை நிறுத்தத் திருடனே வேண்டாம். விளையாட்டுப் பையன் போதும்.

2023-இல் வந்த 6.2 பதிப்பில் இன்னொரு ஏற்பாடு செய்தார்கள். கெர்னல் தடுக்கி விழுந்தும் எழுந்து தொடரும் நிலைக்கு 'ஊப்ஸ்' என்று பெயர். ஒவ்வொரு முறையும் சிறிது குப்பை உள்ளே தங்கிவிடும். ஒருவன் வேண்டுமென்றே கோடிக்கணக்கான முறை தடுக்கி விழச் செய்தால் முன்பு சொன்ன எண்ணிக்கைக் கணக்கு நிரம்பி வழிந்துவிடலாம். ஆகவே 10,000 முறைக்கு மேல் போனால் நின்றுவிடு என்று வரம்பு வைத்தார்கள். எச்சரிக்கைக்கும் அப்படியே ஒரு வரம்பு வைத்துக்கொள்ளலாம். நாம் எண் கொடுக்காவிட்டால் வரம்பு இல்லை. பத்தாயிரம் என்பது யாருடைய சகிப்பு என்று எனக்குச் சிரிப்பு வந்தது. ஆயினும் கொள்கை எனக்குப் பிடித்திருக்கிறது. பொறுத்துக்கொள், எண்ணிக்கொண்டிரு, எத்தனை வரை என்பதை உரியவர் சொல்லட்டும்.

இவ்வளவும் யாராவது படித்தால்தானே? லினக்ஸ் கெர்னல் ஒரு முறை எச்சரித்துவிட்டால் தனக்குத்தானே 'கறைபட்டது' என்று ஓர் அடையாளம் இட்டுக்கொள்ளும். மறுபடி தொடங்கும் வரை அதை அழிக்காது. எச்சரிக்கைக்கு உரிய கறையின் எண் 512. நம் கணிப்பொறி ஆய்வகத்தில் லினக்ஸ் ஓடும் ஆறு இயந்திரங்களில் எதில் அந்த எண் இருக்கிறது என்று இன்றுவரை யாரும் பார்த்ததில்லை. பார்ப்பதற்கு ஒரு வரிக் கட்டளை போதும். வெள்ளிக்கிழமை கடைசிப் பாடவேளையில் ஒருத்தி பார்த்து எழுதி வைக்க, ஆய்வக வாசலில் ஒரு நோட்டுப் புத்தகத்தை நூலில் கட்டித் தொங்கவிடத் தலைமைச் சகோதரி அவர்கள் அனுமதி தர வேண்டுகிறேன். நோட்டை நானே வாங்கித் தருகிறேன்.